மணிக்கட்டில் ஒட்டுங்கள்: மயக்கவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள மருத்துவமனைகளின் மயக்கவியல் துறைத் தலைவர்களுக்கும், அவர்களிடம் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களுக்கும், அறுவைக்கூடத்தில் என்னைப் போலவே அவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் தாதியருக்கும் உதவி மருத்துவ அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் பினாங்கில் 19 ஆண்டுகளாக மயக்கவியல் பிரிவுத் தாதியாகப் பணியாற்றி வருகிறேன். நோயாளியின் தசைகள் தளர்ந்திருக்கின்றனவா, மீண்டுவிட்டனவா என்று பார்க்கும் கருவியின் இரண்டு எலக்ட்ரோடுகளை, அதாவது தோலின் வழியே நரம்புக்கு மின்சாரம் செலுத்தும் சிறு வட்டங்களை, ஒட்டுவது பெரும்பாலும் என்னைப் போன்றவர்களின் வேலை. அந்த இரண்டு எலக்ட்ரோடுகளையும் எங்கே ஒட்டுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும் எழுதப் போகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அதைவிட முக்கியமாக, மீட்பறைக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் பலர் தமிழில்தான் படிப்பார்கள்; தங்கள் தாய் தந்தையருக்காக எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குப் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை கோலாலம்பூரில் நடந்தது. தம்பி குடும்பம் அங்கே இருப்பதால் அங்கேயே சேர்த்தோம். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போவது எந்த அறுவைக்கூடத்திலும் நடக்கக்கூடியது, என் கையாலேயேகூட நடந்திருக்கக்கூடியது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மீட்பறைக்குள் சிறிது நேரம் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. அம்மாவுக்குப் பிராணவாயு முகமூடி போட்டிருந்தது. விரலில் மாட்டியிருந்த கருவி இரத்தத்தில் பிராணவாயு 99 விழுக்காடு என்று காட்டியது. திரையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவின் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை, தாடை தொங்கியிருந்தது, மூச்சு வயிற்றில் மட்டும் சிறு சிறு அலையாக ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பிலிருந்த தாதி, “ஆண்டி, புக்கா மாத்தா, அங்காட் கெப்பாலா” (கண்ணைத் திறங்கள், தலையைத் தூக்குங்கள்) என்று மலாயில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “மலாய் புரியவில்லை போலிருக்கிறது, இன்னும் மயக்கம் தெளியவில்லை” என்று என்னிடம் சொன்னார். என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். பட்டர்வொர்த் சந்தையில் மீன்காரரிடம் மலாயில்தான் பேரம் பேசுவார். அவருக்கு அந்தச் சொற்கள் புரியாமல் இருக்க வழியே இல்லை.

மறுநாள் குரல் வந்த பிறகு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எல்லாரும் பேசுனது கேட்டுச்சிம்மா. தலைய தூக்கச் சொன்னாங்க, புரிஞ்சிச்சி. தூக்கணும்னுதான் நெனச்சேன், தல வரல. எச்சிலக் கூட முழுங்க முடியல. நெஞ்சு மேல அரிசி மூட்டைய வச்ச மாதிரி இருந்துச்சி.”

அம்மாவுக்குத் தலைவாரிப் பொட்டு வைக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். இடது காதுக்கு முன்னால், நெற்றியோரத்தில், பசை ஒட்டியிருந்த இரண்டு வட்டத் தடங்கள் இருந்தன. இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பிப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டில், கல்யாணத்துக்குப் போட்டு இன்றுவரை கழற்ற முடியாத பொன் வளையலைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிய அடையாளம் மட்டும் இருந்தது. எலக்ட்ரோடுகள் முகத்தில்தான் ஒட்டப்பட்டிருந்தன என்பது அப்போது தெரிந்தது. அங்கிருந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்: கைகள் இரண்டும் உடலோடு சேர்த்துத் துணிக்குள் வைக்கப்பட்டிருந்தன; வலது கையில் இரத்த அழுத்தப் பட்டை; இடது கையில் வளையல்; எட்டக்கூடியதாக இருந்தது முகம்தான். அறுவை முடியும் நேரத்தில் புருவம் நான்கு முறை துடித்தது, தளர்வை முறிக்கும் நியோஸ்டிக்மின் கொடுத்தார்கள், மூச்சுக்குழாயில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். மயக்கப் பதிவேட்டில் “டிஓஎஃப் 4”, அதாவது நான்கு மின்துடிப்புகளுக்கும் தசை நான்கு முறை அசைந்தது, என்று எழுதியிருந்தது. எந்தத் தசையில் 4 என்று எழுதவில்லை.

அந்த ஒரு வரியில் எழுதாமல் விட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

பொது மயக்கத்தில் தூங்க வைக்கும் மருந்து வேறு, தசைகளைத் தளர்த்தும் மருந்து வேறு. தளர்த்தும் மருந்து, நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இரண்டும் சந்திக்கும் இடத்தில் தடுக்கிறது. அறிவை அது தொடுவதில்லை. 1942 ஜனவரி 23 அன்று மொன்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குராரே என்னும் தசை தளர்த்தும் மருந்தை மயக்கத்தின்போது பயன்படுத்தினார்கள். அன்று தொடங்கியதுதான் இன்று ரொக்குரோனியம், அட்ராகூரியம் என்று நம் தட்டுகளில் இருக்கிறது. மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது என்பதை அளக்கும் வழி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. 1970-இல் அலி, அட்டிங், கிரே ஆகிய மூவரும் வெளியிட்ட முறைதான் இன்றும் நாம் செய்வது: நரம்புக்கு அரை விநாடி இடைவெளியில் நான்கு மின்துடிப்புகள் கொடுத்து, நான்காவது அசைவு முதல் அசைவில் எத்தனை பங்கு இருக்கிறது என்று பார்ப்பது. நான்கும் தெரிந்தால் மட்டும் போதாது. நான்காவது அசைவு முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது, அதாவது 0.9 ஆவது இருந்தால்தான் குழாயை எடுக்கலாம் என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. ஒரு காலத்தில் 0.7 போதும் என்றிருந்தார்கள்; அந்த அளவில் விழுங்கும் தசைகளும் தொண்டையைத் திறந்து வைக்கும் தசைகளும் இன்னும் சோர்ந்தே இருக்கின்றன என்றும், பிராணவாயு குறைந்தால் மூச்சை வேகப்படுத்தும் இயற்கையான எதிர்வினையும் மந்தமாக இருக்கிறது என்றும் பின்னால் தெரிந்தது. என் அம்மா எச்சிலை விழுங்க முடியவில்லை என்று சொன்னது அதைத்தான்.

இந்தச் சோதனை நரம்பைத் தூண்டும்போதுதான் பொருளுள்ளது. எலக்ட்ரோடு நரம்பைத் தூண்டாமல் தசையையே நேராகத் தூண்டினால், மருந்து தடுத்து வைத்திருக்கும் அந்தச் சந்திப்பை மின்சாரம் தாண்டிப் போய்விடுகிறது. நோயாளி முழுவதும் தளர்ந்து கிடந்தாலும் அந்தத் தசை மட்டும் துடிக்கும். முகத்தில் இருக்கும் தொல்லை இதுதான். முக நரம்பின் கிளைகள் ஓடும் இடத்திலேயே, தோலுக்கு அடியில், புருவத்தைச் சுளிக்கும் தசையும் கண்ணை மூடும் தசையும் படர்ந்திருக்கின்றன. எலக்ட்ரோடைக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, மணிக்கட்டுக்கு வைக்கும் 50 மில்லிஆம்பியரையே அங்கேயும் வைத்தால், துடிப்பது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மணிக்கட்டில் நிலைமை வேறு. அல்நார் நரம்பு சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிறது. நாம் பார்க்கும் தசையோ உள்ளங்கையின் மறுபக்கத்தில், கட்டைவிரலை உள்ளே இழுக்கும் அடக்டர் பாலிசிஸ். தூண்டும் இடத்துக்கும் துடிக்கும் இடத்துக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம் இருப்பதால், கட்டைவிரல் அசைந்தால் அது நரம்பின் வழியாக வந்த அசைவு என்று நம்பலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் மீள்வதில்லை. உதரவிதானமும் குரல்வளைத் தசைகளும் புருவம் சுளிக்கும் தசையும் முந்திக்கொண்டு மீள்கின்றன. கட்டைவிரல் பிந்தி வருகிறது. தொண்டையின் மேல்பகுதித் தசைகளும் அந்தக் கட்டைவிரலைப் போலவே மருந்துக்கு எளிதில் வசப்பட்டு, மெதுவாக மீள்கின்றன. புருவத்தில் நான்கைப் பார்த்துவிட்டுக் குழாயை எடுக்கும்போது, உதரவிதானம் மூச்சை இழுக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்த மூச்சு உள்ளே போக வேண்டிய வழியைத் திறந்து வைக்கும் தசைகள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணைச் சுற்றியுள்ள தசைகளைப் பார்த்துக் கண்காணிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கு மீட்பறைக்கு வந்தபோது தளர்வு மிச்சமிருந்தது. கட்டைவிரலைப் பார்த்துக் கண்காணிக்கப்பட்டவர்களில் அது 22 விழுக்காடு. 22 என்பதும் சின்ன எண்ணிக்கை அன்று என்பது உண்மைதான். கண்ணால் பார்த்து எண்ணுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது: நான்காவது அசைவு முதலாவதில் 0.4 பங்கைத் தாண்டிவிட்டால், எவ்வளவு அனுபவமுள்ள கண்ணுக்கும் கைக்கும் நான்கும் சமமாகவே தெரியும். 0.4-க்கும் 0.9-க்கும் இடையில் கிடக்கும் நோயாளியை எண்களாகக் காட்டும் கருவி மட்டுமே கண்டுபிடிக்கும். 2021-இல் பிரிட்டன் மயக்கவியலாளர் சங்கமும் 2023-இல் அமெரிக்கச் சங்கமும் அப்படி அளக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொன்னதன் காரணம் அதுதான். கண்ணைச் சுற்றியுள்ள தசைகளைத் தவிர்த்துக் கட்டைவிரலைப் பாருங்கள் என்று அமெரிக்க வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது.

ஒட்டுவது எப்படி என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, மணிக்கட்டில் உள்ள மடிப்புக் கோட்டைப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கமாக விரலால் அழுத்தித் தடவினால் கயிறுபோல ஒரு தசைநாண் தட்டுப்படும். அந்தத் தசைநாணின் கட்டைவிரல் பக்க ஓரத்தில், மடிப்பிலிருந்து ஒரு செ.மீ. முழங்கையை நோக்கி, கறுப்பு எலக்ட்ரோடு வர வேண்டும். அதே கோட்டில் இன்னும் மேலே, ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு 3 முதல் 6 செ.மீ. இடைவெளி இருக்கும்படி, மற்றது. கருவியைப் பொறுத்து அது சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். கறுப்பு எதிர்மின்முனை, நரம்பைத் தட்டி எழுப்புவது அதுதான், ஆகவே அது நரம்புக்கு மிக அருகில், கைப் பக்கமாக இருக்க வேண்டும். நிறம் மாறிப்போனாலும் அசைவு வரும், ஆனால் பலவீனமாக வரும். உடனே ஒருவர் மின்னோட்டத்தைக் கூட்டுவார், கூட்டிய மின்னோட்டம் பக்கத்திலுள்ள தசையைத் தொடும், அதன்பின் வரும் எண்ணை நம்ப முடியாது. எலக்ட்ரோடு சற்றே நடுவில் நகர்ந்து ஒட்டிவிட்டால் பக்கத்து மீடியன் நரம்பு தூண்டப்பட்டு, கட்டைவிரலின் அடிமேட்டுத் தசைகள் துள்ளும். அதுவும் கட்டைவிரல்தானே என்று எண்ணிவிடுகிறோம். கட்டைவிரல் உள்ளங்கையை நோக்கிப் பக்கவாட்டில் இழுபடுகிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் மடங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தத் தசை எலக்ட்ரோடுக்கு மிக அருகில் இருக்கிறது.

தோலைத் துடைக்காமல் ஒட்டுவது நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. நம் பாட்டிமார் அறுவை சிகிச்சைக்கு வரும் நாளிலும் காலையில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வருவார்கள். ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காய விட்டு, லேசாகத் தேய்த்துவிட்டுப் பிறகு ஒட்டினால்தான் மின்தடை குறையும். திறந்து வைத்த பொட்டலத்தில் கிடக்கும் எலக்ட்ரோடின் பசை குளிர்சாதன அறையில் காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகக் கிழியுங்கள். கை குளிர்ந்திருந்தாலும் அசைவு குறையும்; தோலின் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போகாமல் ஒரு துணியால் சுற்றி வையுங்கள்.

மணிக்கட்டில் சாமி கயிறு கட்டியிருப்பார்கள். தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துவிட்டு வந்தவர்கள், நேர்த்திக்கடன் இருப்பவர்கள் அதை அறுக்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நாமும் அறுக்கச் சொல்லத் தேவையில்லை. முழங்கைப் பக்கமாக நாலு விரல் அளவு தள்ளிவிட்டு, அவர் விழித்திருக்கும்போதே, “இங்கே இரண்டு வட்டம் ஒட்டப் போகிறேன், கயிற்றைத் தொட மாட்டேன்” என்று சொன்னால் கையை அவரே நீட்டுவார். கழற்ற முடியாத வளையலுக்கும் இதுவே வழி. மின்கத்தி பயன்படுத்துவதால் உலோகத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டுகிறோம். ஒட்டுவதற்கு முன் வளையலை முழங்கையை நோக்கித் தள்ளிவிட்டு அங்கே ஒட்டினால், எலக்ட்ரோடுக்கு வேண்டிய இடம் காலியாக இருக்கும். என் அம்மாவின் கையில் வளையல் இருந்த இடத்திலேயே பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் நகர்த்தியிருக்கலாம்.

மின்னோட்டத்தையும் முன்னதாகவே பார்த்து வைக்க வேண்டும். நோயாளி தூங்கிய பின், தளர்த்தும் மருந்து கொடுக்கும் முன், அசைவு இதற்கு மேல் பெரிதாகாது என்னும் அளவு வரை மின்னோட்டத்தைக் கூட்டி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும். மணிக்கட்டில் பெரும்பாலும் 40 முதல் 60 மில்லிஆம்பியருக்குள் அது கிடைத்துவிடும். கருவி தானே செய்துவிடும். அதற்கு ஒரு நிமிடம் விட வேண்டும், அவ்வளவுதான். அந்த நிமிடத்தை விடாமல் மருந்தைச் செலுத்திவிட்டுப் பிறகு கருவியை மாட்டினால், வரும் எண் எதோடு ஒப்பிடப்பட்டது என்று தெரியாது. கட்டைவிரல் அசைவின் முடுக்கத்தை அளக்கும் கருவியில் மருந்துக்கு முன் எடுக்கும் அளவே 1.0-ஐத் தாண்டி 1.1 என்றும் வரும். அப்படிப்பட்டவருக்குக் கடைசியில் 0.9 வந்ததும் முழுமையாக மீண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்க அளவைக் குறித்து வைத்திருந்தால்தான் இது தெரியும்.

இன்னொன்றை என் பணியில் நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தால் இடது கை வலுவிழந்த பெரியவர் ஒருவர் குடல் அறுவைக்கு வந்தார். வலது கையில் ஊசிகள் எல்லாம் ஏறிவிட்டதால், சும்மா இருந்த இடது கையில் எலக்ட்ரோடு ஒட்டினோம். அறுவை மருத்துவர் வயிறு இறுக்கமாக இல்லை, நன்றாகத் தளர்ந்திருக்கிறது என்கிறார். கருவியோ நான்கு வலுவான துடிப்புகளைக் காட்டிக்கொண்டேயிருக்கிறது. மூத்த மருத்துவர் உள்ளே வந்து, நோயாளியின் கோப்பைப் புரட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எலக்ட்ரோடுகளை எடுத்து வலது மணிக்கட்டில் ஒட்டினார். அங்கே ஒரு துடிப்பும் இல்லை. பக்கவாதம் வந்த பக்கத்துத் தசைகளில் மருந்துக்கு ஈடுகொடுக்கும் ஏற்பிகள் பெருகிவிடுகின்றன. அந்தக் கை மருந்துக்குக் கட்டுப்படாமல், மீளாத ஒருவரை மீண்டவராகக் காட்டும். அன்றிலிருந்து கருவியை மாட்டும் முன் “பக்கவாதம் உண்டா, எந்தப் பக்கம்?” என்று கேட்காமல் நான் ஒட்டுவதில்லை.

உங்களில் சிலர் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்பரோஸ்கோபியிலும் ரோபோ அறுவையிலும் கைகள் துணிக்குள் மறைந்துவிடுகின்றன, கட்டைவிரல் அசைய இடமில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் கையை உள்ளே வைக்கும் முன் எலக்ட்ரோடுகளை மணிக்கட்டில் ஒட்டி, கம்பியை வெளியே விட்டு வைப்பதற்கு ஒரு தடையுமில்லை. தசையின் மின்னலையைப் பதிவுசெய்யும் கருவி இருந்தால் கட்டைவிரல் அசையவே வேண்டியதில்லை. அசைவை அளக்கும் கருவிதான் இருக்கிறது என்றால், கைக்கு ஒரு சிறு அட்டையோ கிண்ணமோ மறைவாக வைத்துக் கட்டைவிரலுக்கு இடம் விடலாம். கையே கிடைக்காதபோது காலுக்குப் போகலாம்: உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் நரம்பு மேலாக ஓடுகிறது, கால் பெருவிரல் கீழே மடங்குவதைப் பார்க்கலாம். நம் அம்மாக்கள் மெட்டி அணிவது அடுத்த விரலில்தான், அது தடையாகாது. முகத்தைத் தவிர வேறு வழியே இல்லாத அறுவைகளும் உண்டு. அப்போதும் அறுவை முடிந்து துணியை எடுத்ததும், முறிமருந்து கொடுக்கும் முன், மணிக்கட்டில் ஏற்கனவே ஒட்டி வைத்த எலக்ட்ரோடுக்குக் கம்பியை மாற்றி ஒரு முறை பார்த்துவிடுங்கள். முகத்தில் பார்த்ததை அறுவை நடக்கும்போது தளர்வு போதுமா என்று அறியப் பயன்படுத்துங்கள், குழாயை எடுக்கலாமா என்று முடிவுசெய்யக் கட்டைவிரலையே கேளுங்கள்.

சுகமாடெக்ஸ் என்னும் முறிமருந்து வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்பது இளம் மருத்துவர்கள் என்னிடம் சொல்வது. அருமையான மருந்து; நானும் அது உயிர் காத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் அளவைக் கணக்கிடுவதே கட்டைவிரலில் தெரியும் துடிப்பை வைத்துத்தான். இரண்டு துடிப்புகள் வந்துவிட்டால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மி.கி.; துடிப்பே வராமல், நீண்ட தூண்டலுக்குப் பிறகு ஒன்றிரண்டு மட்டும் வரும் ஆழத்தில் 4 மி.கி. புருவத்தில் இரண்டைப் பார்த்துவிட்டு 2 மி.கி. கொடுத்தால், கட்டைவிரலில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். வேண்டியதில் பாதிதான் கொடுத்திருப்போம். ஜப்பானில் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கருவி இல்லாமல் சுகமாடெக்ஸ் கொடுத்தவர்களிலும் 4.3 விழுக்காட்டினருக்கு 0.9 எட்டாமல் தளர்வு மிச்சமிருந்தது. அட்ராகூரியம் கொடுத்த நோயாளிக்குச் சுகமாடெக்ஸ் வேலையே செய்யாது என்பதையும், நியோஸ்டிக்மினுக்கு ஆழமான தளர்வை இழுத்து வெளியே கொண்டுவரும் வலுவில்லை, அதன் முழுப் பலனும் தெரியப் பத்து நிமிடமாவது ஆகும் என்பதையும் நீங்களே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்.

ஒரே ஒரு முறை, குழாய் போட மட்டும் கொடுத்த மருந்து, இரண்டு மணி நேரத்தில் போய்விட்டிருக்கும் என்று சொல்வதையும் அடிக்கடி கேட்கிறேன். 2003-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வில், அப்படி ஒரே ஒரு முறை மருந்து கொடுத்து முறிமருந்து எதுவும் கொடுக்காத 526 பேரைப் பார்த்தார்கள். 45 விழுக்காட்டினர் மீட்பறைக்கு வந்தபோது 0.9 எட்டவில்லை, மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கடந்தவர்களிலும் 37 விழுக்காட்டினர் எட்டவில்லை.

தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்லிப் பார்த்தால் போதாதா என்பவர்களுக்கு என் அம்மாவின் கதையே பதில். தளர்வு நிறைய மிச்சமிருக்கும்போதும் தலையைத் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு என்பது நெடுநாளாகவே தெரிந்த செய்தி. அதோடு நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மீட்பறையில் மலாயில் கேட்கிறோம், ஆங்கிலத்தில் கேட்கிறோம். எதிரே படுத்திருப்பவர் தமிழ்ப் பாட்டியாகவோ, ஹொக்கியன் மட்டும் பேசும் சீனத் தாத்தாவாகவோ, வங்காள தேசத்துத் தொழிலாளியாகவோ இருக்கிறார். அவர் செய்யாமல் கிடந்தால், மொழி புரியவில்லை என்று எடுத்துக்கொள்வது நமக்கு எளிதாகிவிடுகிறது. உடல் முடியாமல் கிடக்கும் ஒருவரை நாம் புரியாதவராக்கிவிடுகிறோம். என் அம்மா அப்படிக் கிடந்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம். முகமூடியில் வந்த பிராணவாயு அந்த 99-ஐக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது, ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மணிக்கட்டில் இரண்டு எலக்ட்ரோடுகள் இருந்திருந்தால், அறுவைக்கூடத்தை விட்டு வெளியே வரும் முன்பே, யாரும் எந்த மொழியிலும் கேட்காமலே, தெரிந்திருக்கும்.

ஆகவே துறைத் தலைவர்களிடம் நான் கேட்பது, பெரிய செலவு எதுவும் பிடிக்காதது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் விரலில் பிராணவாயுக் கருவி மாட்டி வேலை செய்கிறதா என்று கேட்கும் வரி இருக்கிறது. அந்தப் பட்டியலை அந்தந்த இடத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. தளர்த்தும் மருந்து கொடுக்கப் போகும் ஒவ்வொருவருக்கும், மணிக்கட்டில் எலக்ட்ரோடு ஒட்டியாகிவிட்டதா, எந்தக் கை, பக்கவாதம் உண்டா என்று கேட்கும் ஒரு வரியை அதன் கீழே சேருங்கள். மயக்கப் பதிவேட்டில் “டிஓஎஃப்” என்று எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் எந்தத் தசை என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள். அது காலியாக இருந்தால் மீட்பறைத் தாதி நோயாளியை ஏற்றுக்கொள்ளும் முன் கேட்க உரிமை உண்டு என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் இளம் தாதியை, “உனக்கு எதற்கு அது?” என்று யாரும் கடிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் அம்மா விஷயத்தில் அந்தத் தாதியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த தாளில் 4 என்று இருந்தது. நான்கு என்றால் நல்லது என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எண்களைக் காட்டும் கருவி எல்லா அறைக்கும் இல்லை என்பதும் தெரியும். இருப்பதை அறைக்குள் பூட்டி வைக்காமல், அன்றைய அறுவைப் பட்டியலில் தளர்த்தும் மருந்து தேவைப்படும் நோயாளிகள் எந்த அறையில் இருக்கிறார்களோ அங்கே காலையிலேயே அனுப்பி வையுங்கள். கம்பி அறுந்திருக்கிறது, முடுக்கமானியின் பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது என்று மூலையில் கிடக்கும் கருவிகளைப் பழுது பார்க்கக் கையெழுத்துப் போடுங்கள்; நான் பார்த்த அறுவைக்கூடங்களில் அப்படி ஒன்றாவது கிடக்காமல் இருந்ததில்லை.

பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் முறை கருவியை மாட்டும் முன், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் உங்கள் கையை நீட்டி, மடிப்புக் கோட்டிலிருந்து அந்தத் தசைநாணைத் தேடச் சொல்லுங்கள். 20 மில்லிஆம்பியரில் தொடங்குங்கள், அது தாங்கக்கூடியதுதான். கறுப்பையும் சிவப்பையும் மாற்றிப் பாருங்கள், எலக்ட்ரோடை அரை செ.மீ. நடுவே நகர்த்திப் பாருங்கள். கட்டைவிரல் எப்படி வேறு விதமாகத் துள்ளுகிறது என்று உங்கள் கையிலேயே தெரியும். நான் புதிதாக வரும் தாதியருக்கு இப்படித்தான் சொல்லித்தருகிறேன். பினாங்கில் எந்த மருத்துவமனை அழைத்தாலும், பட்டியல் தொடங்கும் முன் காலை 7 மணிக்கு வந்து காட்ட நான் தயார்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் தொப்புள் அருகில் குடலிறக்க அறுவை இருக்கிறது. இந்த முறை பினாங்கில். வளையல் வேண்டாம், அறுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான், அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று இரவு சமையல்கட்டில் உட்கார்ந்து, கையில் சவர்க்காரம் தடவி அந்த வளையலை மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே நகர்த்திப் பார்த்தோம். நகர்கிறது. அந்த இடத்தைப் பேனாவால் குறித்து வைத்து, அறுவை நாளன்று மயக்கவியல் மருத்துவரிடம் அம்மாவே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மயக்கவியல் பிரிவுத் தாதி ஒருவர்,
பினாங்கு.